பளபளப்பைப் பார்க்காதே, பதிவைப் பார்!

என் அப்பா 22 ஆண்டுகள் பென்ஸ் காரில் போனவர். ஆனால் ஒரு நாள்கூடப் பின் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. கிள்ளானில் ஒரு தவுக்கேயிடம் அவர் ஓட்டுநர். விடியற்காலையில் எழுந்து வண்டியைத் துடைத்து, தவுக்கே வீட்டு வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். நாங்கள் பள்ளிக்குப் பேருந்தில் போனோம்.

போன வருடம் அவருக்கு 65 வயது நிறைந்தபோது எனக்கு அந்த ஆசை வந்தது. ஒரு சொகுசு செடான் வாங்க வேண்டும், அதில் அவரைப் பின்னால் உட்கார வைத்து நான் ஓட்ட வேண்டும். வானொலி அறிவிப்பாளரின் சம்பளத்தில் புதிய கார் நடக்காத காரியம். ஆனால் பத்து வயதான ஜெர்மன் செடான், புதிய உள்நாட்டுக் காரின் விலைக்கே கிடைக்கிறது. இரவு நிகழ்ச்சி முடிந்து வந்து கைப்பேசியில் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

ஒரு நாள் மனைவி கேட்டார்: “இது வீட்டு முன்பணத்துக்குச் சேர்த்த காசுங்க. வண்டி நடுரோட்டுல நின்னுச்சுன்னா என்ன செய்வீங்க?”

என்னிடம் பதில் இல்லை. அதனால் அப்பாவிடமே போனேன். உங்களுக்காக என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு கார் பார்க்க வேண்டும், கூட வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

விலை இறங்கும், செலவு இறங்காது

பசியாறும்போது அப்பா முதல் பாடத்தை ஆரம்பித்தார். “ரெண்டரை லட்சம் வெள்ளி காடி இப்ப அறுபதாயிரத்துக்கு வருதுன்னா, காடியோட விலைதான் இறங்கியிருக்கு. அதோட சாமான் விலை இறங்கலை. அது இன்னமும் ரெண்டரை லட்ச வெள்ளி காடிதான்.”

நம்மில் பலர் ஏமாறும் இடம் இதுதான். சாலை வரியைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்கிறோம். தீபகற்ப மலேசியாவில் 2,000 சிசிக்கு உட்பட்ட தனியார் செடானுக்கு ஆண்டு வரி 380 ரிங்கிட்டைத் தாண்டாது. 3,000 சிசி என்றால் அது 2,130 ரிங்கிட் வரை போகும். இன்றைய சொகுசு செடான்களில் பல, டர்போ பொருத்திய 2,000 சிசி என்ஜினோடு வருவதால் வரி குறைவு. ஆனால் வரி குறைந்த வண்டிக்குப் பராமரிப்பும் குறைவு என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்பாவின் கணக்கு எளிமையானது. கையில் 65,000 இருந்தால் 55,000க்கு வண்டி பார். மீதி பத்தாயிரம் முதல் வருடச் செலவு. அந்தப் பத்தாயிரம் இல்லையென்றால் அந்த வண்டி உனக்கு இல்லை.

முதல் வண்டி: சூடான பானெட்

முதலில் பார்த்தது வெள்ளை நிறக் கார். விற்பனையாளர் நாங்கள் வருவதற்கு முன்பே என்ஜினை ஓடவிட்டிருந்தார். “டாக்டர் ஓட்டின வண்டி, அங்கிள்” என்றார். அப்பா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “அணைச்சிடுங்க. நாளைக்குக் காலையில வர்றோம். நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க.”

மறுநாள் குளிர்ந்த என்ஜினை உயிர்ப்பித்தபோது முதல் சில நொடிகளுக்குச் சங்கிலி உரசுவதுபோல் ஒரு சத்தம். பிறகு அடங்கிவிட்டது. சூடான என்ஜினில் இது கேட்டிருக்காது. டைமிங் சங்கிலியோ அதை இறுக்கிப் பிடிக்கும் பாகமோ தேய்ந்திருந்தால் இப்படிச் சத்தம் வரும் என்றார் அப்பா. சங்கிலி நழுவினால் என்ஜினே போய்விடும்.

புகைக்குழாயையும் பார்க்கச் சொன்னார். நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து இனிப்பு வாடையும் அடித்தால் குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறது. காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வந்து மறையும் ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது வண்டி: மிதமிஞ்சிய வாசனை

இரண்டாவது வண்டியின் கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை மூக்கைத் துளைத்தது. எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “எதை மறைக்க இவ்ளோ வாசனை?” என்று முணுமுணுத்தார்.

முன் இருக்கையின் பாதுகாப்பு வாரைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசிப் பகுதியில் பழுப்பாக ஒரு கறைக்கோடு. இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு. பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி அடிக்குழியில் விரலை விட்டார். நகக்கண்ணில் மண் ஒட்டியது.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேராது, அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாதவர்கள் நட்டத்தைத் தாங்களே சுமக்க வேண்டியதுதான். அப்படி நீரில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்து விற்பதும் நடக்கும். சொகுசு காரில் இருக்கைக்கு அடியிலும் கால்விரிப்புக்கு அடியிலும் மின்கம்பிகளும் கணினிப் பெட்டிகளும் உண்டு. இன்று ஓடும் வண்டி ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும்.

விற்பனையாளரிடம் அப்பா சண்டை போடவில்லை. “வேற பார்க்கிறோம்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றாவது வண்டி: தடிமனான கோப்பு

மூன்றாவது வண்டியைப் பார்த்தபோது எனக்கு உற்சாகமே வரவில்லை. சாம்பல் நிறம். கதவில் கீறல். ஓடிய தூரம் 138,000 கிலோமீட்டர். முதல் இரண்டைவிடவும் அதிகம். ஆனால் பணி ஓய்வு பெற்ற அந்த உரிமையாளர் ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு பராமரிப்பு ரசீதும் தேதி வாரியாக இருந்தது. கியர் பெட்டி எண்ணெய் மாற்றிய ரசீதும் இருந்தது.

“வாழ்நாளுக்கும் மாற்ற வேண்டாம்” என்று சொல்லப்படும் எண்ணெய் அது. ஆனால் பல சொகுசுக் கார்களுக்குக் கியர் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றப் பரிந்துரைக்கிறது.

அப்பா டயர்களின் பக்கவாட்டைப் பார்த்தார். அங்கே உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கும் ஒரே நிறுவனம், ஒரே வருடம். “நாலு டயரும் நாலு கம்பெனியா இருந்தா, ஓட்டினவன் காசு இல்லாம ஓட்டியிருக்கான்னு அர்த்தம். டயர்லயே மிச்சம் பிடிக்கிறவன் எண்ணெய்யை மாத்துவானா?” என்றார்.

பிறகு எனக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோய் 250 ரிங்கிட் கொடுத்துப் பரிசோதித்தோம். விற்பவர் காட்டும் பட்டறைக்குப் போகாதீர்கள், நீங்களே தேர்ந்தெடுங்கள். மெக்கானிக் கணினியைச் செருகிக் கோளாறுக் குறியீடுகளைப் பார்த்தார். குறியீடு எதுவும் இல்லையே என்று மகிழ்ந்தேன். அவர் இன்னொரு திரையையும் காட்டினார். குறியீடுகளை அண்மையில் யாராவது அழித்திருந்தால், வண்டியின் சுயபரிசோதனைகள் “முடியவில்லை” என்று அதில் தெரியும். இந்த வண்டியில் எல்லாம் முடிந்திருந்தன.

குறைகளும் இருந்தன. முன்சக்கரத் தாங்கிகளின் ரப்பர் தேய்ந்திருந்தது. கூரைக் கண்ணாடியின் நீர் வடிகுழாய் அடைத்திருந்தது. பட்டியலைக் காட்டிப் பேசி 3,500 ரிங்கிட் குறைத்தோம்.

கையெழுத்துக்கு முன்

நண்பர்கள் பலர், “புஸ்பாகோம் பார்த்துவிட்டதே, அப்புறம் என்ன?” என்று கேட்கிறார்கள். உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனை வண்டியின் அடையாளத்தையும் அடிப்படைப் பாதுகாப்பையும் பார்ப்பது. அடுத்த வருடம் கியர் பெட்டி தாங்குமா என்று அது சொல்லாது. விற்பவரின் வங்கிக் கடன் முடிந்துவிட்டதா, அடிச்சட்ட எண்ணும் என்ஜின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கடன் வாங்குவதானால், வங்கிகள் வண்டியின் வயதையும் கடன் காலத்தையும் சேர்த்தே கணக்கிடும் என்பதை மறக்காதீர்கள். பழைய வண்டிக்குத் தவணைக் காலம் சுருங்கும், மாதத் தொகை ஏறும். “இன்னிக்கே முன்பணம் கட்டுங்க, இன்னொருத்தர் காத்திருக்கார்” என்று சொன்னால் அந்த இன்னொருவருக்கே விட்டுவிடுங்கள்.

முதல் ஆண்டில் எனக்கு 6,200 ரிங்கிட் செலவானது. ஒதுக்கி வைத்த பத்தாயிரத்துக்குள் அடங்கியதால் வீட்டில் சண்டை இல்லை.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை பின்கதவைத் திறந்து, “உட்காருங்கப்பா” என்றேன். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏன் கழற்றினார் என்று நான் கேட்கவில்லை.

முதல் சமிக்ஞை விளக்குவரை அவர் பேசவேயில்லை. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது: “தம்பி, பிரேக்கை இவ்ளோ அழுத்தி மிதிக்காதே. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தூக்கிப் போடுது.”