ஒசாகாவின் மூன்று பெண்களும் அவர்களுடைய இசைத்தட்டுகளும்

ராக் இசை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது, நீண்ட முடியும் பெருங்கூச்சலும் உடைய மேலைநாட்டு ஆடவர் கூட்டமே. கிதாரை உடைப்பதும் மேடையில் புரள்வதுமே அவ்விசையின் இலக்கணம் என்று எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணத்திற்கு முற்றிலும் மாறான பெண்கள் குழு ஒன்றையும், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் செய்துவரும் ஒலிப்பதிவுகளையும் பற்றி இங்கே எழுத விழைகிறேன். குழுவின் பெயர் ஷோனென் நைஃப். ஊர் ஜப்பானின் ஒசாகா.

'ஷோனென்' என்றால் ஜப்பானிய மொழியில் சிறுவன் என்று பொருள். 'நைஃப்' ஆங்கிலக் கத்தி. ஒரு மடக்குக் கத்தியின் வணிகப் பெயரைத்தான் மூன்று பெண்கள் எடுத்துத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். 1981 டிசம்பரில் தொடங்கிய இக்குழுவில் நவோகோ யமனோ கிதார் வாசித்தார். தோழி மிச்சியே நகதானி பேஸ் கிதார். நவோகோவின் உடன்பிறந்தவரான அட்சுகோ டிரம்ஸ். மூவரும் இசைக்கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். அலுவலக வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் வாசித்துப் பழகியவர்கள். நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவினர் செய்து காட்டியதுபோல, நாலைந்து சுரக்கூட்டுகளை விரைவாக மீட்டி, மூன்று நிமிடத்துக்குள் ஒரு பாட்டை முடித்துவிடுவது இவர்களுக்குப் பிடித்திருந்தது.

1982இல் 'மின்ன தனோஷிக்கு' என்ற ஒலிநாடாவைத் தாங்களே வெளியிட்டார்கள். 'எல்லாரும் மகிழ்வாக' என்பது அதன் பொருள். 1983இல் 'பர்னிங் ஃபார்ம்' என்னும் சிறு தொகுதி வந்தது. 1984இல் 'யமனோ அச்சான்'. அச்சான் என்பது அட்சுகோ என்ற பெயரின் செல்ல வடிவம். 'யம நோ' என்பதைப் பிரித்தால் 'மலையின்' என்று பொருள்படும். 1986இல் வந்த 'பிரிட்டி லிட்டில் பகா கய்' என்பதில் 'பகா' என்றால் முட்டாள், 'பகாகய்' என்றால் ஒருவகைச் சிப்பி, 'கய்' என்பதோ ஆங்கிலத்தில் ஆள். 1991ஆம் ஆண்டுத் தொகுதிக்குப் பெயரே இல்லை, '712' என்ற எண் மட்டுமே. ஜப்பானியர் ஏழை 'ந' என்றும், ஒன்றை 'இ' என்றும், இரண்டை 'ஃபு' என்றும் சுருக்கிப் படிப்பதுண்டு. சேர்த்துப் படித்தால் 'நைஃபு', அதாவது கத்தி! காளமேகம் ஒசாகாவில் பிறந்திருந்தால் இப்படித்தான் பெயர் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் என்னைப் பொறுத்தருள்க.

இவர்கள் எதைப் பாடினார்கள் என்பதுதான் வியப்பு. காதல் தோல்வி இல்லை. புரட்சி முழக்கமும் இல்லை. சைக்கிள் ஓட்டுவதன் இன்பம், பொதுக் குளியலகம், பூச்சி பிடித்துச் சேர்ப்பவர், பறந்து வந்து தாக்கும் ஜெல்லி, யானையின் பிளிறல் இவையே பாடுபொருள். ஒரு பாட்டு 'ஆமை மார்க்' பாத்திரம் தேய்க்கும் நார்ப்பிரஷ்ஷைப் பற்றியது. 1907ஆம் ஆண்டு முதல் ஜப்பானிய அடுக்களைகளில் இருந்துவரும் பொருள் அது. அடுக்களையில் கிடக்கும் ஒன்றை எடுத்து ராக் பாட்டின் தலைவியாக்க எந்த ஆடவர் குழுவும் நினைத்திராது என்று துணிந்து சொல்வேன்.

அந்நாளைய பதிவுகளைக் கேட்டால் குறைகள் வெளிப்படையாகவே தெரியும். டிரம்ஸின் ஓசை மெலிந்திருக்கும். தாளம் சில இடங்களில் நடை தளரும். குரல் சுரத்தைத் தேடிக்கொண்டே போய்ச் சேரும். ஆனால் அவ்வொலிநாடா கடல் கடந்தது. 1985இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியா என்ற சிறு நகரில் இயங்கிய 'கே ரெக்கார்ட்ஸ்' என்னும் சிறு நிறுவனம் 'பர்னிங் ஃபார்ம்' தொகுதியை ஒலிநாடாவாக அங்கே வெளியிட்டது. 1989இல், அமெரிக்கக் குழுக்கள் பல கூடி இவர்களுடைய பாடல்களையே பாடி ஒரு பாராட்டுத் தொகுதி வெளியிட்டன. சோனிக் யூத், ரெட் கிராஸ், எல்7 முதலியோர் அதில் உண்டு. பெருநிறுவனத்தின் இசைத்தட்டு ஒன்றுகூட அதுவரை வெளிவராத நிலையில் வெளிநாட்டார் திரண்டு பாராட்டியது அரிய நிகழ்ச்சி. 1991இன் பிற்பகுதியில் நிர்வாணா குழு இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது இவர்களையும் உடன் அழைத்துக்கொண்டது. அக்குழுவின் கர்ட் கோபேன் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்த விருப்பமான ஐம்பது தொகுதிகளுள் 'பர்னிங் ஃபார்ம்' ஒன்று.

இனி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். 1992இல் 'லெட்ஸ் நைஃப்' என்ற தொகுதி பெருநிறுவனத்தின் வழியே வெளியாயிற்று. அதில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை பழைய பாடல்களே. நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பதிவு செய்யப்பட்டவை. பலவற்றுக்கு ஆங்கில வரிகளும் எழுதப்பட்டன. ஆகவே ஒரே பாட்டை இருமுறை, இருவேறு கேட்போருக்காகப் பாடிய பதிவுகள் நமக்குக் கிடைக்கின்றன.

'ட்விஸ்ட் பார்பி' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். நீலக்கண்ணும் பொன்முடியும் நீண்ட காலும் உடைய அமெரிக்கப் பொம்மையைக் கண்டு, அதுபோல் ஆக வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதாகப் பாட்டு. 1983இல் ஒசாகாவின் சிறு அரங்கில், கருங்கண்ணும் கருங்கூந்தலும் உடையவர்கள் முன்னே, ஜப்பானிய மொழியில் அதைப் பாடியபோது கேட்டவர்களுக்கு அதிலுள்ள கேலி உடனே விளங்கியிருக்கும். அந்தப் பொம்மை அவர்கள் வீட்டிலும் ஒருவேளை இருந்திருக்கும். அதன் முகம் தங்கள் முகம் அன்று என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதே பாட்டை, பொம்மை பிறந்த நாட்டாரின் மொழியில், அந்நாட்டார் முன்னே பாடும்போது கேலி யாருக்குக் கேட்கும்? 'எங்களைப்போல் ஆக விரும்புகிறார்கள்' என்று மகிழ்ந்துபோகவும் இடமுண்டு. மேலைநாட்டில் இவர்களை 'அழகுப் பொம்மைகள்' போலக் கருதி எழுதியவர்களும் இருந்தனர். பொம்மையைக் கிண்டல் செய்தவர்களையே பொம்மை என்றால் என்ன சொல்வது!

இதனால் மறுபதிவைத் தாழ்வென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1992ஆம் ஆண்டுப் பதிவில் கிதார் முழங்குகிறது, தாளம் தளரவில்லை, பத்தாண்டு மேடையேறிய கை என்பது கேட்டவுடன் புலப்படுகிறது. மேலும், இவர்களுடைய ஆங்கிலம் இவர்களுடையது. அமெரிக்க உச்சரிப்பைக் கடன் வாங்கவில்லை. ஒசாகாவின் நாவில் ஆங்கிலம் எப்படி உருளுமோ அப்படியே உருளுகிறது. கேலி அங்கே ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. இருப்பினும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால், நான் 1983ஐயே கேட்பேன். அங்கே அவர்கள் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

பிற்காலத் தொகுதிகளை விரைந்து பார்க்கலாம். 1993ஆம் ஆண்டு 'ராக் அனிமல்ஸ்' தொகுதியில் கிதார் ஓசை கனத்தது. பாம்பும் கீரியும் பொருதும் பாட்டு ஒன்றும் அதில் உண்டு. 1994இல் கார்ப்பெண்டர்ஸ் இணையருக்கான பாராட்டுத் தொகுதியில் 'டாப் ஆஃப் த வேர்ல்ட்' பாடலைப் பாடினார்கள். 1998ஆம் ஆண்டு 'ஹேப்பி ஹவர்' தொகுதிக்குப் பின், 1999இல் மிச்சியே விலகினார். அட்சுகோ பேஸ் கிதாருக்கு மாறினார். டிரம்ஸ் வாசித்துவந்த மன நிஷியுரா, வேறொரு குழுவுடன் அமெரிக்காவில் பயணம் செய்தபோது 2005இல் சாலை விபத்தில் உயிரிழந்தார். அட்சுகோவும் 2006இல் விலகிப் பின்னாளில் திரும்பி வந்தார். இத்தனைக்கும் இடையில் நவோகோ எழுதுவதை நிறுத்தவில்லை. 2011இல் 'ஒசாகா ரமோன்ஸ்' என்ற பெயரில் தம் ஆசான்களின் பாடல்களை மட்டுமே பாடி ஒரு தொகுதி வெளியிட்டார். முப்பதாண்டுக்குப் பின் தட்சிணை செலுத்திய மாதிரி!

2023இல் வந்தது 'அவர் பெஸ்ட் பிளேஸ்'. நவோகோவும் அட்சுகோவும் அறுபதைக் கடந்துவிட்டார்கள். பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன்: மாலைத் தேநீர் பற்றி ஒன்று, ஜெர்மானிய கேக் பற்றி ஒன்று, காரமான காய்கறிக் குழம்பு பற்றி ஒன்று.