'கியானு'ன்னா என்ன அர்த்தம்? மாத்தச் சொன்ன ஹாலிவுட்டும் ஒரு ஹவாய் பெயரும்!

'தி மேட்ரிக்ஸ்' நியோ, 'ஜான் விக்'... கியானு ரீவ்ஸ் என்றாலே இதெல்லாம்தான் ஞாபகம் வரும். ஆனா, அந்தப் பெயர் இங்கிலீஷே இல்லை. பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஹவாய் தீவுகளின் பூர்வகுடி மக்கள் வைத்துக்கொள்ளும் பெயர் அது.

அர்த்தம் என்ன?

ஹவாய் மொழியில் 'கெ' என்பது ஆங்கிலத்தின் 'தி' மாதிரி. 'அனு' என்றால் குளிர்ச்சி. சேர்த்துச் சொன்னால், 'அந்தக் குளிர்ச்சி'. 'மலைகளின் மேல் வீசும் குளிர்காற்று' என்று இணையத்தில் சொல்வது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, பெயருக்குள் மலையும் இல்லை, காற்றும் இல்லை. ஹவாய் மொழியில் மலை 'மௌனா', காற்று 'மகானி'. உச்சரிப்பும் 'கீனு' அல்ல, 'கெ-ஆ-னு'.

ரீவ்ஸுக்கு எப்படி வந்தது?

1964-ல் லெபனானின் பெய்ரூட்டில் பிறந்தவர் ரீவ்ஸ். அம்மா இங்கிலாந்துக்காரர், அப்பா ஹவாயில் பிறந்தவர். அப்பா வழி உறவினர் ஹென்றி கியானு ரீவ்ஸின் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்தார்கள்.

கவனிச்சீங்களா? அந்த உறவினர் பெயரில் 'ஹென்றி' முன்னால், 'கியானு' நடுவில். ஹவாயில் பலரின் பெயர் இப்படித்தான் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கு.

பெயருக்கு ஒரு சட்டமா?

ஆமாம். பழைய ஹவாயில் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. 1820-ல் கிறிஸ்தவ மிஷனரிகள் வந்தார்கள். 40 வருஷம் கழித்து, 1860-ல், மன்னர் நான்காம் கமேஹமேஹா ஆட்சியில் புதுச் சட்டம் வந்தது. அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக வேண்டும், குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் ஒன்று வைக்க வேண்டும், மனைவி கணவர் பெயரை ஏற்க வேண்டும். முன்வரிசையை இழந்த ஹவாய் பெயர்கள் நடுப்பெயராக ஒதுங்கின. சட்டம் நீக்கப்பட்டது 1967-ல்தான். அதாவது, ரீவ்ஸ் பிறந்து மூணு வருஷம் கழிச்சு!

ஹாலிவுட் என்ன சொன்னது?

சட்டம் போனாலும் தொல்லை போகலை. 20 வயதில் வாய்ப்பு தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தவரிடம், 'இந்தப் பேரு சரிவராது, மாத்து' என்றார் மேனேஜர். நடுப்பெயர் 'சார்லஸ்', வளர்ந்த டொரன்டோ நகரத் தெரு 'ஸ்படைனா'... இரண்டையும் சேர்த்து 'சக் ஸ்படைனா' என்றுகூட யோசித்திருக்கிறார் ரீவ்ஸ். கடைசியில், கே.சி. ரீவ்ஸ் என்ற பெயரில் கொஞ்ச நாள் நடித்தார். ஒட்டவில்லை. மறுபடியும் கியானு ஆனார்.

இன்று யாருக்கெல்லாம்?

ஹவாயின் அலைச்சறுக்கு வீரர் கியானு ஆசிங், 2022 உலகக் கோப்பையில் ஆடிய ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் கியானு பேக்கஸ் எனப் பட்டியல் நீள்கிறது. 2023-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள், பூஞ்சைகளை அழிக்கும் பாக்டீரியா மூலக்கூறுகளுக்கு 'கியானுமைசின்' என்று பெயர் வைத்தார்கள். காரணம், படங்களில் எதிரிகளை ரீவ்ஸ் போட்டுத்தள்ளும் வேகம்!

'சரிவராது' என்று சொன்ன பேரு, இப்போ அறிவியல் ஆய்விதழ் வரைக்கும் போயிடுச்சு.