திறன்மிகு தெர்மோஸ்டாட் (வீட்டுப் பயன்பாடு)

அறை வெப்பநிலையை அறிந்து குளிரூட்டியைத் தானே கட்டுப்படுத்தும் கருவி திறன்மிகு தெர்மோஸ்டாட். மேலைநாட்டுச் சுவர் வகை பெரும்பாலும் 24 வோல்ட் கம்பியில் இயங்கும் மைய வெப்பமூட்டிகளுக்கு உரியது; விழுப்புரம், திண்டிவனம் வீடுகளின் ஸ்பிளிட் ஏ.சி.க்குப் பொருந்தாது. மலிவு என்று இணையத்தில் வாங்கிவிட வேண்டாம். ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் வைஃபை கருவியே இங்குப் போதும். அதில் வெப்ப உணரி இருக்கிறதா எனப் பார்க்கவும். இல்லையென்றால் அது வெறும் ரிமோட்தான்.

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடுள்ள புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டணம் உயரும். அந்த எல்லையை ஒட்டி இருப்போருக்கே இக்கருவி பெரிதும் பயன்படும். மற்றவர்களுக்கு ரிமோட்டிலுள்ள டைமரே போதும்.