பழைய விசைப்பலகைக்கும் ஒரு சந்தை

பழைய கணனி ஒன்றைக் கழற்றி விற்கும்போது முதலில் குப்பைக்குப் போவது விசைப்பலகைதான். செம்பு, அலுமினியம், சர்க்கிட் போர்ட் என்று மற்றவற்றுக்கெல்லாம் நிறுவை விலை உண்டு. விசைப்பலகையை யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் 1980களில் ஐ.பி.எம். கம்பனி தயாரித்த சாதாரண விசைப்பலகை ஒன்று, நல்ல நிலையில் இருந்தால், இன்று நூறு டொலர் அளவில் கைமாறுகிறது. அபூர்வமான சில வகைகள் ஆயிரம் டொலரையும் தாண்டிப் போகின்றன. அதே பாவனைக்குப் புதிய விசைப்பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த காலத்திலேயே இந்தச் சந்தை தொடங்கிவிட்டது என்பதுதான் ஆச்சரியம்.

இவற்றை வாங்குபவர்கள் முத்திரை சேர்ப்பவர்களைப் போல அலுமாரியில் அடுக்கி வைப்பவர்கள் மட்டுமல்லர். பலர் வாங்கிய அன்றே கணனியில் பொருத்தி வேலை செய்கிறார்கள். நாள் முழுவதும் தட்டச்சுச் செய்யும் புரோகிராமர்களும் எழுத்தாளர்களும் இவர்களில் அதிகம். பொருளின் வயதுக்காக அல்ல, விரலுக்குக் கிடைக்கும் உணர்வுக்காகவே இவர்கள் காசு கொடுக்கிறார்கள். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாதவருக்கு இந்தப் பொருளின் விலை விளங்காது.

தட்டச்சு இயந்திரத்திலிருந்து வந்தது

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்ஸிங்டன் என்ற ஊரில் ஐ.பி.எம்.முக்குத் தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1961இல் வெளிவந்து அலுவலகங்களை நிறைத்த செலக்ட்ரிக் மின் தட்டச்சு இயந்திரம் அங்கேதான் உற்பத்தியானது. அதில் கை பழகியவர்கள் கணனிக்கு மாறும்போதும் அதே உணர்வு கிடைக்க வேண்டும் என்பது கம்பனியின் நோக்கம். கம்பனியின் பொறியியலாளர் ரிச்சர்ட் ஹன்டர் ஹரிஸ் அமைத்த பொறிமுறைக்கு 1978இல் காப்புரிமை கிடைத்தது.

பொறிமுறை எளிது. ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சிறு ஸ்பிரிங். விசையை அழுத்த அழுத்த ஸ்பிரிங் நெருங்கி, ஒரு கட்டத்தில் திடீரெனப் பக்கவாட்டில் மடங்கும். மடங்கும்போது அடியிலுள்ள சிறு சுத்தியலைத் தட்டிவிடும். அந்தக் கணத்தில்தான் எழுத்தும் பதிவாகிறது, ‘டிக்’ என்ற ஓசையும் கேட்கிறது. எழுத்து விழுந்துவிட்டது என்று காதும் விரலும் ஒன்றாகச் சொல்லிவிடுவதால் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. (பக்கத்து மேசையில் இருப்பவர் நாள் முழுவதும் இந்த ஓசையைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்பது வேறு விடயம்.)

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பேர்சனல் கணனியை வெளியிட்டபோது அதனுடன் 83 விசைகள் கொண்ட ‘மொடல் எஃப்’ வந்தது. வேலைப்பாட்டில் குறையில்லை. ஆனால் என்டர் விசை சிறிது, ஷிப்ட் விசை பழகிய இடத்தில் இல்லை என்று தட்டச்சாளர்கள் முறையிட்டார்கள். 1985இல் தொடங்கிய ‘மொடல் எம்’ அந்தக் குறைகளைத் தீர்த்து, 101 விசைகளுடன் புதிய ஒழுங்கைக் கொண்டு வந்தது. இன்று நம் மேசையில் இருக்கும் விசைப்பலகையின் ஒழுங்கும் ஏறக்குறைய அதுவே.

பெரிய கம்பனி விட்டது, சிறிய கம்பனி எடுத்தது

மொடல் எம் உண்மையில் செலவைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றம். மொடல் எஃப்பில் இருந்த விலைகூடிய மின்சார அமைப்புக்குப் பதிலாக அதில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு வைத்தார்கள். இன்று ‘எவ்வளவு உறுதி’ என்று புகழப்படும் ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள இந்தப் பொருள், அதைச் செய்தவர்களின் கணக்கில் மலிவுப் பதிப்பு. ஆனால் அதைவிட மலிவானது வந்தது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக இறப்பர் குமிழ் வைத்த விசைப்பலகைகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. கணனியின் விலை விழ விழ, விசைப்பலகைக்கென்று தனியாகச் செலவிட எவரும் விரும்பவில்லை.

1991இல் லெக்ஸிங்டன் பிரிவை ஐ.பி.எம். கைவிட்டது. அது லெக்ஸ்மார்க் என்ற தனிக் கம்பனியானது. இன்று அச்சு இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற அதே லெக்ஸ்மார்க்தான். 1996இல் அதுவும் விசைப்பலகை உற்பத்தியிலிருந்து விலகியது. அப்போது யூனிகோம்ப் என்ற சிறிய கம்பனி அச்சுகளையும் கருவிகளையும் உரிமையையும் வாங்கிக்கொண்டு, அதே லெக்ஸிங்டனில் உற்பத்தியைத் தொடர்ந்தது. ஐ.பி.எம்., லெக்ஸ்மார்க் ஆகியவற்றில் வேலை செய்தவர்களே அதைத் தொடங்கினார்கள்.

அவர்கள் நிலையை ஒரு வியாபாரியாக நினைத்துப் பாருங்கள். விற்கும் பொருளோ முப்பது வருடம் உழைக்கக்கூடியது. வாங்கியவர் திரும்பி வரமாட்டார். போதாக்குறைக்கு, உங்கள் பொருளுக்குப் போட்டி உங்கள் பொருளின் பழைய பிரதியேதான். யூனிகோம்ப் புதியதை விற்பதோடு நிற்கவில்லை. பழையதற்கு உதிரிப்பாகமும் விற்றது, திருத்தியும் கொடுத்தது. ஆனால் வாங்கிய அச்சுகள் தேய்ந்து, பொருத்தம் முன்போல் இல்லை என்ற குறை வாடிக்கையாளரிடம் எழுந்தது. அதன்பின் புதிய அச்சுகளில் முதலிட்டு, அண்மைய ஆண்டுகளில் ‘நியூ மொடல் எம்’ என்ற பெயரில் உற்பத்தி செய்கிறது. அதன் விலையும் நூறு டொலருக்கு மேல்தான். பாவித்த பழைய மொடல் எம்மின் விலை ஏன் அந்த அளவிலேயே நிற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதற்கு விலை, எதற்கு இல்லை

விசைப்பலகையைத் திருப்பினால் அடியில் ஒரு லேபல் இருக்கும். இலக்கமும் தயாரித்த திகதியும் அதில் உண்டு. 1391401 என்ற இலக்கம் இருந்தால் அது மிகப் பரவலான வகை. நல்ல பொருள், ஆனால் அபூர்வமல்ல. வலப்புற எண் விசைகள் இல்லாத குறுகிய வகை 1987இல் வந்தது. அதற்கு இலக்கம் 1391472. விலை பல மடங்கு. 1994இல் வந்த, இரண்டாகப் பிரித்துச் சரித்து வைக்கக்கூடிய ‘எம் 15’ வகைதான் ஆயிரம் டொலரைத் தாண்டுவது. வங்கிக் காசாளர்களின் மேசையில் இருந்த 4704 டெர்மினலின் சிறிய மொடல் எஃப் விசைப்பலகைகளுக்கும் அப்படியே பெரும் கிராக்கி. அவற்றை அச்சொட்டாகப் புதிதாகச் செய்து, ஒன்று பல நூறு டொலருக்கு விற்கும் முயற்சியும் நடந்து வெற்றி கண்டிருக்கிறது. வங்கிகள் வீசியெறிந்த பொருள் அது!

ஏமாறும் இடங்களும் உண்டு. முதல் ஐ.பி.எம். கணனிக்குரிய பிளக்கும் 1984இல் வந்த ஏ.டி. கணனிக்குரிய பிளக்கும் பார்வைக்கு ஒன்றே. செருகினால் உள்ளே போகும், ஆனால் வேலை செய்யாது; இரண்டும் பேசும் மொழி வேறு. 122 விசைகள் கொண்ட பெரிய வகைகள் டெர்மினலுக்குரியவை. அவற்றைக் கணனியில் நேரே பொருத்த முடியாது. சிறு சிப் வைத்த கன்வேர்ட்டர் இருந்தால்தான் இவை இன்றைய யூ.எஸ்.பி.யில் இயங்கும். மொடல் எம்மின் உள்ளே உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் ரிவெட்டுகள் வயதாகி முறிந்துவிடும். குலுக்கிப் பார்த்தால் உள்ளே உருளும் சத்தம் கேட்கும். திருத்துபவர்கள் அவற்றை வெட்டியெடுத்து, துளையிட்டு, சிறு ஆணிகள் முறுக்குகிறார்கள்; பொறுமை வேண்டிய வேலை. மொடல் எஃப்பிலோ உள்ளே வைத்த பஞ்சு தூளாகிப் போயிருக்கும்.

இந்தச் சந்தையில் ஒரு பெரிய சண்டையும் உண்டு. 1970களின் 3270 வகை டெர்மினல்களின் விசைப்பலகைக்கு நல்ல விலை என்று தெரிந்ததும், பழைய பொருள் விற்பவர்கள் அதை மட்டும் கழற்றி விற்றுவிட்டு, கனமான திரைப்பகுதியை உடைத்துப் போட்டார்கள். பழைய கணனிகளை முழுமையாகக் காப்பாற்ற முயல்பவர்களுக்கு விசைப்பலகை இல்லாத டெர்மினல் உயிரற்ற பெட்டி. அதற்கு இனித் துணை தேடிப் பிடிப்பதென்றால் டெர்மினலைவிட அதிகம் செலவாகும். கழற்றியவருக்குக் கையில் காசு உடனே வந்தது உண்மை. ஆனால் சோடியாக இருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலையைக் கேட்டுப் பார்க்கக்கூட அவர் காத்திருக்கவில்லை. நான் விசைப்பலகைக்காரரின் பக்கமல்ல. பெட்டிக்காரரின் முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு விடயம் தபால் செலவு. இரண்டு கிலோ பொருளை இன்னொரு நாட்டுக்கு அனுப்பும் கட்டணம் சில வேளை பொருளின் விலையையே நெருங்கிவிடும். பொதி சரியில்லாவிட்டால் விசை மூடிகள் கழன்று, ரிவெட்டுகள் இன்னும் முறிந்து போய்ச் சேரும். அதனால் சிலர் முழுப் பொருளை விற்காமல், திருத்த முடியாதவற்றிலிருந்து மூடிகளையும் ஸ்பிரிங்குகளையும் கழுவித் துடைத்துப் பிரித்து வைத்து, கடித உறையில் போட்டு அனுப்புகிறார்கள். ஒரே ஒரு மூடி தொலைந்த விசைப்பலகையை வைத்துக்கொண்டு தேடுபவர்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள்.