எண்ணெய் ஒதுங்கிய கரையை அளத்தல்

கடலில் கொட்டிய எண்ணெய் கரையில் எங்கே, எவ்வளவு, எந்த நிலையில் ஒதுங்கியிருக்கிறது என்று நடந்து பார்த்து, எல்லோரும் ஒரே அளவுகோலில் எழுதிவைப்பதே கரை மதிப்பீடு. 1989இல் அலாஸ்காவில் நடந்த எக்ஸான் வால்டெஸ் கப்பல் விபத்துக்குப் பின் வகுக்கப்பட்ட முறை இது. துப்புரவை எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை இந்தப் பதிவைக் கொண்டே முடிவு செய்கிறார்கள்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதில் கடலில் எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் தேங்கிய எண்ணெய்க் கசடை மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். அந்த உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் வாளி எடுக்குமுன் ஒரு குறிப்பேடும் தேவை.

கரை மதிப்பீட்டுப் பயிற்சியில் முதலில் கரையைத் துண்டுகளாகப் பிரிக்கக் கற்கிறார்கள். மணல், தூண்டில் வளைவுப் பாறை, கழிமுகச் சேறு ஒவ்வொன்றும் தனித்துண்டு. அடுத்தது தடிமன். பாறையில் படிந்தது நகத்தால் சுரண்டினால் வருகிறதா என்று கையுறை அணிந்தபடி பார்க்க வேண்டும். வந்தால் அது பூச்சு, வராவிட்டால் கறை. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் தடித்த படிவு. மணலில் பார்வை ஏமாற்றும். அலை கொண்டுவந்த புது மணல் எண்ணெயை மூடிவிடும் என்பதால் குழி தோண்டி, கரும்பட்டை எத்தனை ஆழத்தில் தெரிகிறது என்று அளக்க வேண்டும். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைப்பது கட்டாயம். எண்ணெய் இல்லாத இடத்தையும் 'இல்லை' என்று எழுத வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

புதிய எண்ணெயின் ஆவியில் பென்சீன் உண்டு. தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே காற்று வரும் திசைக்கு விலக வேண்டும். தனியாகச் செல்லக் கூடாது. எண்ணெய் படிந்த ஆமையையோ பறவையையோ தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளையும் சிறுவர்களையும் இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது.

இந்தியாவில் கடலில் எண்ணெய் அகற்றும் பணியைக் கடலோரக் காவல்படை ஒருங்கிணைக்கிறது. அதன் அவசர எண் 1554. வலையும் படகும் பாழானவர்கள், தொழிலுக்குப் போக முடியாதவர்கள், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். அதற்கான காலவரம்பு 5 ஆண்டு. கப்பல் எரிபொருள் கசிவு குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் என்றால், பாதிப்பு நேர்ந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கப்பலின் காப்பீட்டு நிறுவனத்திடம் நேரடியாகவும் கேட்கலாம்.

தேதியும் இடமும் அளவும் உள்ள கரைப் பதிவு அந்தக் கோரிக்கைக்குச் சான்றாகும். அதன் நகல் ஒன்றை மீனவர் பஞ்சாயத்து தன்னிடம் வைத்திருப்பது நல்லது.