படுத்துவிட்ட பற்றரி

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டுக்கு வர விடாத பொருள்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அதனாலோ என்னவோ, பழைய பற்றரியை எறிய நம்மவருக்கு இன்றும் மனம் வருவதில்லை.

கடற்காற்று படும் வல்வெட்டித்துறையில் வாகனம் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பற்றரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்த்திப் பூட்டினாலே சில வேளை போதும்.

இன்னொரு வாகனத்திலிருந்து மின் எடுப்பதாயின் இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். சிவப்பு வயரை இரு பற்றரிகளின் நேர்முனைகளிலும், கறுப்பு வயரை நல்ல பற்றரியின் மறைமுனையிலும் கொளுவுங்கள். கறுப்பின் மறுநுனியைப் படுத்த பற்றரியில் கொளுவாதீர்கள். அந்த வாகனத்தின் எஞ்சின் உலோகத்தில், பற்றரிக்குத் தள்ளிக் கொளுவுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பற்றரி விடும் ஐதரசன் வாயு அதில் பற்றி வெடித்தால் அமிலம் கண்ணில் தெறிக்கும். பீடியோடு கிட்டப் போவோரை என்னவென்பது!

இப்போது கிடைக்கும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் எஞ்சினைக் கிளப்புமேயன்றிப் பற்றரியை நிரப்பாது. அது சார்ஜரின் வேலை. 40 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 4 அம்பியர் அளவில், காற்றோட்டமான இடத்தில், ஆறுதலாக ஏற்றுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரத்தின் பின் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துவிட்டது. எவ்வளவு ஏற்றியும் 10.5ஐத் தாண்டாவிட்டால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டதென்றே கொள்ளலாம்.

அத்தகைய பற்றரியின் அமிலத்தை வளவில் ஊற்றுவோர் உண்டு. நம் நிலம் சுண்ணாம்புக்கல்; ஊற்றியது ஈயத்தோடு கிணற்றுக்கு இறங்கக்கூடும். பழைய பற்றரி வாங்கும் கடையில் அமிலத்தோடு அப்படியே கொடுத்துவிடுங்கள்.