மண்ணும் நெருப்பும் – 9: மடத்திலிருந்து வந்த குழந்தைகள்

ஒரு கையில் குடை, மறு கையில் பை, தலையில் தொப்பி. பையன் எங்கேயோ கிளம்பிவிட்டான். வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் அளவில் அவன் ஒரு சாண்கூட இருக்க மாட்டான். ஆனால் ஜெர்மனியின் ரேடன்டால் நகரில், அவனைப் படைத்த தொழிற்சாலையின் வாசலில், எட்டடி உயரத்துக்கு நின்றான். 'உல்லாச வழிப்போக்கன்' என்று அவனுக்குப் பெயர். கன்னங்களைப் பாருங்கள்: குளிர்காற்றில் ஓடிவிட்டு வந்த பிள்ளையின் சிவப்பு. பீடத்தின் ஓரத்தில் ஒரு கையெழுத்து கீறியிருக்கும்: எம். ஐ. ஹும்மல்.

தொழிற்சாலை கேபெல் குடும்பத்துடையது. கையெழுத்து ஒரு கன்னியாஸ்திரியுடையது. இந்த இரண்டு பெயரும் ஒரே பொம்மையில் வந்து சேர்ந்த கதைதான் இந்த வாரம்.

1871-ல் ஃப்ரான்ஸ் டெட்லெஃப் கேபெலும் அவர் மகன் வில்லியமும் கோபுர்க் நகருக்குப் பக்கத்தில், ஓஸ்லாவ் என்ற ஊரில் தொழில் தொடங்கினார்கள். அந்த ஊர்தான் பின்னாளில் ரேடன்டாலின் பகுதியானது. முதலில் செய்தவை சிலேட்டு, சிலேட்டுக் குச்சி, கோலிக்குண்டு. பீங்கான் சூளை வைக்க அனுமதி கிடைத்தது 1879-ல். மூன்றாம் தலைமுறையான மாக்ஸ் லூயி காலத்தில் பொம்மைகள் வளர்ந்தன. 1929-ல் அவர் இறந்தபோது மகன் ஃப்ரான்ஸ் பொறுப்புக்கு வந்தார். அதே வருடம்தான் உலகப் பெருமந்தமும் தொடங்கியது. வேலைக்கு வருகிறவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க வேண்டுமானால், புதிதாக ஏதாவது விற்றாக வேண்டும்.

1934-ல் மியூனிக் நகரின் கடையொன்றில் ஃப்ரான்ஸ் கண்ணில் சில வாழ்த்து அட்டைகள் பட்டன. வாத்து மேய்க்கும் சிறுமி, பிடில் வாசிக்கும் பையன் என்று, பவேரியக் கிராமத்துக் குழந்தைகள். வரைந்தவர் சீசென் மடத்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் சகோதரி மரியா இன்னோசென்டியா. மாசிங் என்ற சிற்றூரில் 1909-ல் பிறந்த பெர்த்தா ஹும்மல், மியூனிக்கில் ஓவியம் படித்து முடித்த கையோடு, 1931-ல் மடத்தில் சேர்ந்திருந்தார்.

கேபெல் கேட்டவுடன் மடம் தலையாட்டிவிடவில்லை, சகோதரிக்கும் தயக்கம். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: எந்தப் பொம்மையானாலும் சகோதரி பார்த்துச் சம்மதித்த பிறகே விற்பனைக்கு வரும், மடத்துக்கு உரிமைத்தொகை போகும். என்னைக் கேட்டால், கேபெல் குடும்பம் செய்த நல்ல காரியங்களில் தலையாயது இதுதான். அச்சும் சூளையும் தன்னிடம் இருக்க, கடைசிச் சொல்லை இன்னொருவர் கையில் கொடுக்க எத்தனை முதலாளிகளுக்கு மனம் வரும்?

ஆர்தர் மோலர், ரைன்ஹோல்ட் உங்கர் என்ற இரண்டு சிற்பிகள் ஓவியத்தைக் களிமண்ணில் வடித்தார்கள். வடித்ததைத் தலை, கை, கூடை என்று துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுப்பார்கள். கரைத்த மண்குழம்பை அச்சில் ஊற்றினால் பிளாஸ்டர் நீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவரோரம் மண் ஏடாகப் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான உருவம் கிடைக்கும். பிறகு அதே குழம்பைப் பசையாகத் தொட்டுத் துண்டுகளை ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் தூரிகையால் நீவி, முதல் சூளை. பளபளப்புப் பூச்சு ஏற்றி இரண்டாவது. வண்ணம் தீட்டி மறுபடியும் நெருப்பு. இவற்றைப் பீங்கான் என்றே எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் நுண்ணிய களிமண் வகை. ஓவியத்தின் இளம் வண்ணங்களுக்கு வெள்ளைப் பீங்கானைவிட இதுதான் இசையும் என்று ஃப்ரான்ஸ் முடிவு செய்தார். அந்தக் கன்னச் சிவப்பைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

1935 மார்ச்சில் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் முதல் பொம்மைகள் வைக்கப்பட்டன. வரவேற்பு வந்தது, கூடவே பகையும் வந்தது. 1937-ல் நாஜிப் பத்திரிகை ஒன்று, ஜெர்மானியக் குழந்தைகளைப் பெருத்த தலையுள்ள அசடுகளாகக் காட்டுகிறார் என்று சகோதரியைத் தூற்றியது. மிடுக்காக அணிவகுக்கும் பிள்ளைகளை விரும்பியவர்களுக்கு, கிழிந்த காலுறையோடு நிற்கும் பையன் பொறுக்கவில்லை. 1940-ல் மடத்தையே பறித்துக்கொண்டார்கள். சிலரை மட்டும் தங்கவிட்டபோது, நிலவறையின் சின்ன அறையொன்றே சகோதரிக்குப் படுக்கையும் ஓவியக்கூடமும் ஆனது. குளிரும் பசியும் நுரையீரலைத் தின்றன. போர் முடிந்து, மடம் திரும்பக் கிடைத்து, 1946 நவம்பர் 6-ம் தேதி அவர் கண்மூடினார். வயது 37.

அந்தச் சமயத்தில்தான் பொம்மைகளுக்குப் புது வாழ்வு பிறந்தது. கோபுர்க் பகுதி அமெரிக்கப் படைகளின் பொறுப்பில் இருந்தது. ஊர் திரும்பிய சிப்பாய்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒன்றிரண்டு வாங்கிப் போனார்கள். அங்கிருந்து சேகரிப்புப் பழக்கம் பற்றிக்கொண்டது. 1977-ல் கேபெல் அமெரிக்காவில் சேகரிப்பாளர் சங்கமே தொடங்கியது. சகோதரி மறைந்த பிறகும் ஒப்புதல் தரும் உரிமை மடத்திடமே இருந்தது. அவர் ஓவியங்களிலிருந்து புதிய பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன.

சேகரித்தவர்களுக்கு வயதானது. பிள்ளைகளின் வீடுகளில் கண்ணாடி அலமாரிக்கு இடமில்லை. விலை சரிந்தது. 2008 செப்டம்பர் 30-ம் தேதியோடு கேபெல் நிறுவனம் ஹும்மல் பொம்மைகள் செய்வதை நிறுத்தியது. அடுத்த ஆண்டே அதே ரேடன்டாலில் வேறொரு நிறுவனம் சூளையை மூட்டியது.

உங்கள் கைக்கு எப்போதாவது ஒன்று கிடைத்தால் கவிழ்த்துப் பாருங்கள். ஹும்மல் என்றால் ஜெர்மன் மொழியில் ஒரு வகைப் பருத்த தேனீ. 1950 முதல் சில காலம் அந்தத் தேனீயையே முத்திரையாகப் பதித்தார்கள். அதன் அருகில் பல பொம்மைகளில் பொடி எழுத்தில் இரண்டொரு கிறுக்கல் இருக்கும். அந்தக் கன்னத்துக்குச் சிவப்புத் தீட்டியவரின் முதலெழுத்து அது.

(அடுத்த வாரம்: ஸ்பெயினின் வாலென்சியா அருகே, வீட்டு முற்றத்தில் சூளை கட்டிய மூன்று சகோதரர்கள்)